சுகர் மெஷின் நம்பரை எவ்வளவு நம்பலாம், ஸ்டிரிப் காசை எங்க மிச்சம் புடிக்கலாம்

போன மாம்பழ சீசன்ல எங்கம்மாவுக்கு காலைல வெறும் வயித்துல 263 காட்டுச்சு, வழக்கமா 130 பக்கம்தான் வரும், வீடே பதறிப்போய் மறுபடி குத்தினா 241. அப்புறம்தான் தெரிஞ்சுது, பேரனுக்கு பழம் நறுக்கிக் குடுத்துட்டு கையை முந்தானைல தொடச்சிட்டு வந்து உக்காந்திருக்காங்க. சோப்பு போட்டு கழுவிட்டு பார்த்தா 134. மூணு ஸ்டிரிப் காலி, ஒண்ணு 20 ரூபான்னா கணக்கு போட்டுக்கோங்க.

அதனால முதல் வேலை கை கழுவுறது. ஸ்பிரிட், சானிடைசர்லாம் பழச்சாறை முழுசா எடுக்காது, தண்ணிதான் எடுக்கும். கழுவிட்டு நல்லா தொடைக்கணும், விரல் ஈரமா இருந்தா ரத்தம் நீர்த்துப்போய் கம்மியா காட்டும். விரல் நுனி நடுவுல குத்தாம ஓரத்துல குத்துங்க, வலி கம்மி. ரத்தம் வரலன்னு நுனியை போட்டு பிதுக்காதீங்க, கையை கொஞ்ச நேரம் கீழ தொங்கவிட்டாலே வந்துரும்.

அடுத்தது, 140 வந்துச்சே, இப்ப 152 வருதேன்னு உடனே திரும்ப குத்துறது. இது சுத்த வேஸ்ட். மெஷினுக்கான ஐஎஸ்ஓங்குற சர்வதேச தரமே, 100க்கு மேல இருந்தா 15 சதவீதம் முன்னபின்ன இருக்கலாம், 100க்கு கீழன்னா 15 பாயிண்ட், நூத்துல 95 ரீடிங் இதுக்குள்ள வந்தா போதும்ங்குது. அதாவது நெஜமான சுகர் 200ன்னா 170ம் வரலாம் 230ம் வரலாம்.

மெஷின் மேல சந்தேகமா இருந்தா லேப்ல வெறும் வயித்துல ரத்தம் குடுக்குறப்ப மெஷினையும் கையோட கொண்டுபோங்க, ஊசி எடுத்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள விரல்ல பார்த்து எழுதி வெச்சுக்கோங்க. சாப்ட பிறகு ஒப்பிட்டா சரிவராது, அப்ப விரல் ரத்தத்துல சுகர் நரம்பு ரத்தத்தை விட கூடத்தான் இருக்கும். லேப் சொல்றதும் வேதவாக்கு இல்லீங்க, எடுத்த ரத்தம் சாதா டியூப்ல சும்மா கெடந்தா மணிக்கு 5லேர்ந்து 7 சதவீதம் சுகர் குறையும், அதுக்குதான் சாம்பல் கலர் மூடி போட்ட ஃப்ளோரைடு டியூப், அதுலயும் ரொம்ப நேரம் போட்டு வெக்கக்கூடாது.

காசு போறது மெஷின்ல இல்ல, ஸ்டிரிப்ல. மெஷின் சீப்பா கெடைக்குதேன்னு வாங்கிடாம, அதுக்கான ஸ்டிரிப் என்ன விலை, பக்கத்து மெடிக்கல்ல எப்பவும் இருக்குமான்னு மொதல்ல கேளுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை பாக்குறவங்க 50 டப்பா வாங்கினா நஷ்டம்தான், நெறைய பிராண்டுல டப்பா திறந்து சில மாசத்துலயே ஸ்டிரிப் வீணாயிரும், டப்பாலயே போட்டிருக்கும். ஃப்ரிட்ஜ் வேணாம், அடுப்பு பக்கத்து ஷெல்ஃபும் வேணாம், ஒண்ணு எடுத்ததும் மூடியை டக்குன்னு மூடிருங்க.

மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் போட்டு சுகர் ஒரே சீரா இருக்கவங்க பல பேருக்கு தெனமும் குத்த வேண்டியதில்ல, டாக்டர்ட்ட கேட்டுட்டு குறைங்க. பாக்குறப்ப ஜோடியா பாருங்க, சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு. எங்கம்மாவுக்கு பொங்கல் ஏத்துற அளவு தோசை ஏத்தலன்னு இப்படித்தான் கண்டுபுடிச்சோம், சாம்பாரை சந்தேகப்பட்டதெல்லாம் சும்மா. ஆனா இன்சுலினோ, சுகரை ரொம்ப கீழ இறக்கிடக்கூடிய கிளிமிபிரைடு மாத்திரையோ எடுக்குறவங்க ஸ்டிரிப்ல கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. வேர்த்து கை நடுங்கினா உடனே பாருங்க, 70க்கு கீழன்னா மூணு ஸ்பூன் சர்க்கரையை தண்ணில கலந்து குடிச்சிட்டு 15 நிமிஷத்துல மறுபடி பாருங்க, அந்த ரெண்டாவது ஸ்டிரிப் வேஸ்டே இல்ல.

தமிழ்நாட்டுல 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம்ங்குற அரசு திட்டத்துல வீட்டுக்கே வந்து ஃப்ரீயா பாக்குறாங்க, அந்த நம்பரையும் நோட்ல ஏத்திக்கோங்க. ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் எடுக்குறப்ப ஹீமோகுளோபினும் சேர்த்து பாத்துருங்க, இரும்புச்சத்து கம்மியா இருந்தா ஏ1சி பொய்யா அதிகமா காட்டும், ரத்தசோகைல விரல் மெஷினும் அப்படித்தான் ஏத்தி சொல்லும்.

ஊசி மட்டும் ஆளுக்கொண்ணு. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் ஒரே லான்செட் கூடாது, ஹெபடைடிஸ் பி அப்படியும் ஒட்டும். கேம்ப்ல குத்த வந்தா புதுசா பிரிக்கிறாங்களான்னு பாத்துட்டு விரலை நீட்டுங்க.