கரையில் கிடக்கும் முருகைக் கல்லைத் தொடாமல் ஒரு பவளத் தொட்டி

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் இருந்துகொண்டு கடல்நீர்த் தொட்டி வைக்க நினைக்கிற எல்லாருக்கும் முதலில் வருவது ஒரே யோசனைதான்: கரையில் முருகைக் கல், அதாவது பவளக் கல், ஒதுங்கிக் கிடக்கிறதே, நாலு கல்லைப் பொறுக்கி வந்து போட்டால் என்ன? பொறுக்காதீர்கள். காய்ந்து வெளுத்த கல்லாக இருந்தாலும் வேண்டாம். பார், அதாவது கடலடிப் பவளத் திட்டு, கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளமும் கடல் விசிறியும் சேர்த்து, 2001இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. புலி இருக்கிற அதே அட்டவணை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று கல் வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன, இதற்கு மேல் யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் பாறைக்கு எங்கே போவது? கடையில் செயற்கை உலர்பாறை கிடைக்கிறது, கொஞ்சம் விலை. பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம், என்னைக் கேட்டால் அதுதான் நல்லது, ஏனென்றால் வேண்டிய வளைவும் குகையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். வெள்ளை சிமெண்ட் ஒரு பங்கு, கோழித் தீவனத்துக்கு விற்கிற நொறுக்கிய கிளிஞ்சல் இரண்டு பங்கு, அயோடின் சேர்க்காத கல் உப்பு இரண்டு பங்கு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது. ஒரு பெட்டியில் ஈர மணலை நிரப்பிக் குழி பறித்து அதில் கலவையைப் போட்டால் பாறையின் முகம் தானாகவே கரடுமுரடாக வரும். ஈரத் துணி போட்டு இரண்டு மூன்று நாள் மூடி வைத்துவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீரில் மூழ்க வையுங்கள். உப்பு கரைந்து போன இடமெல்லாம் சின்னச் சின்னத் துளைகள் ஆகிவிடும், பின்னாடி பாக்டீரியா குடியிருக்கப் போவது அங்கேதான். ஆனால் சிமெண்டின் காரம் சும்மா போகாது. நாலிலிருந்து எட்டு வாரம் வரை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புதுத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறிய பிறகும் பிஎச் 8.5ஐத் தாண்டவில்லை என்றால் பாறை தயார்.

எவ்வளவு பாறை? 120 லிட்டர் தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ போதும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வாலிநோக்கத்து உப்பு பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அதைக் கரைத்துக் கடல்நீர் ஆக்க முடியாது, அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும்தான், பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் உப்பளத்திலேயே பிரிந்து போய்விடும். மீன்தொட்டிக்கென்று வரும் உப்புக் கலவையை டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. கடல்நீரையே எடுக்கிறவர்கள் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா எல்லைக்கு வெளியே, கரையை விட்டுத் தள்ளி, தெளிந்த நாளாகப் பார்த்து எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கி உப்பும் இறங்கிவிடும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும். எப்படி வந்த தண்ணீராக இருந்தாலும் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 காட்ட வேண்டும்.

இனி அடுக்குவது. முதலில் பாறை, அப்புறம்தான் மணல். மணல் மேல் பாறையை வைத்தால், தோண்டுகிற மீன் ஒன்று வந்தால் போதும், மொத்தமும் சரிந்து கண்ணாடியில் அடிக்கும். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வலைத் தகடு ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு கல்லும் மூன்று இடத்தில் ஊன்றி நிற்கும்படி வையுங்கள். விரலால் தள்ளினால் ஆடக் கூடாது. பின்பக்கக் கண்ணாடியோடு சாய்த்துச் சுவர் எழுப்புவதுதான் எல்லாரும் செய்வது, பார்க்கவும் நன்றாக இருக்காது, பின்னால் நீரோட்டம் செத்து அழுக்கும் தங்கும். நாலு பக்கமும் எட்டுப் பத்து சென்டிமீட்டர் விடுங்கள், கண்ணாடி துடைக்கிற காந்தம் போக வேண்டாமா? யோசனை வரவில்லை என்றால் பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுப் பக்கம் படகில் போய் உண்மையான பாரை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்: மேடு, பள்ளம், நடுவில் மணல் வாய்க்கால், காலி இடம்தான் அதிகம். மணல் மூன்று நாலு சென்டிமீட்டர் போதும், அதுவும் கடையில் விற்கும் அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல், கடற்கரை மணல் அல்ல.

தண்ணீர் நிரப்பி, அலை பம்பை ஓடவிட்டு, ஒரு துண்டு பச்சை இறாலைப் போடுங்கள். அது அழுகி அம்மோனியா ஏறும், பாறையில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், கடைசியில் நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் பூஜ்யத்துக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம், அதுவரை விளக்கைக்கூடப் போட வேண்டாம். அதற்குப் பிறகு பாறை முழுக்கப் பழுப்பாக ஒரு படிவு வரும், பயந்து மருந்து ஊற்றாதீர்கள், தானாகப் போய்விடும்.

பவளம் என்றால் மென்பவளம் மட்டும்தான். காளான் பவளம், தோல் பவளம், பட்டன் பாலிப். கடினப் பவளத்தை எங்கோ வளர்த்தது என்று சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள், மற்றதற்கும் பில் கேளுங்கள். பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் நம் தண்ணீரைக் கலந்து, பவளத்தில் ஒட்டிவரும் பூச்சிகளை நீக்கவென்றே விற்கிற கரைசலில் முக்கியெடுத்து, முதலில் மணல் மட்டத்தில் வையுங்கள். விளக்கை மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில் தொடங்கி வாரக் கணக்கில் ஏற்றலாம், பவளமும் அப்படியே மேலே போகும். ஒட்டுவதற்கு ஜெல் வகை சூப்பர் குளூ, தண்ணீர் போல ஓடுகிற பசை எல்லாம் வழிந்துவிடும். பட்டன் பாலிப்பைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, அது ஒட்டியிருந்த பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைத்தால் ஆவியே ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். பச்சை நட்சத்திரப் பாலிப்பைத் தனிக் கல்லில், மற்றதைத் தொடாத தூரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் பாறை முழுக்க அதுதான்.

மிச்சம் இருப்பது வெயில். 25, 26 டிகிரிதான் இலக்கு, 30ஐத் தாண்டி நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும், 2010இலும் 2016இலும் கடலிலேயே அதுதான் நடந்தது. நீர்மட்டத்தில் விசிறி வைப்பது கடலை விட்டுத் தள்ளி உள்நாட்டில் இருப்பவர்களுக்கு உதவும் அளவுக்குக் கடலோரத்தில் உதவாது, காற்றிலேயே ஈரம் அதிகம், ஆவியாவது குறைவு. சித்திரைக்கு முன்னால் தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கிவிடுங்கள், கரண்ட் போனால் அலை பம்பு மட்டுமாவது இன்வெர்ட்டரில் ஓடட்டும். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீரை அல்ல.