பிரேக் பேட், டிஸ்க் மாத்தும்போது நிறைய பேர் பண்ற தப்புகள்

பிரேக் பிடிச்சா கிரீச்னு சத்தம் வருதா, உடனே போனை எடுத்து ஆன்லைன்ல பேட் ஆர்டர் போட்டுடுறோம், முதல் தப்பே அங்கதான் ஆரம்பிக்குது. வீலை கழட்டி பாக்காம எதையும் வாங்காதீங்க. எந்த பேட் எவ்வளவு தேஞ்சிருக்கு, டிஸ்க் (வீலோட சேந்து சுத்துற இரும்பு தட்டு) எந்த நிலைமைல இருக்கு, கேலிப்பர் (ரெண்டு பக்கமும் பேடை வச்சு அந்த டிஸ்க்கை பிடிக்கிற பாகம்) ஃப்ரீயா நகருதா, இந்த மூணையும் பாத்த பிறகுதான் என்ன வாங்கணும்னே தெரியும்.

என் கார்லயே நடந்தது சொல்றேன். ஏற்காடு போறதுக்கு முன்னாடி முன் பக்க பேட் மாத்தினேன், இடது வீல்ல வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல இருந்துச்சு ஆனா உள்பக்க பேட் இரும்பு தகடு வரைக்கும் தேஞ்சு போயிருந்துச்சு, மெக்கானிக் புது செட் போட்டு அனுப்பிட்டார், நானும் ஒண்ணும் கேக்கல. ஆறே மாசம், அதே வீல், அதே உள்பக்கம், மறுபடியும் இரும்பு. அப்புறம் வேற ஒருத்தர்கிட்ட காட்டினப்பதான் தெரிஞ்சது, கேலிப்பரோட கைடு பின் துரு பிடிச்சு இறுகி இருக்குன்னு. பிஸ்டன் உள்பக்க பேடை நேரா தள்ளும், அப்ப கேலிப்பர் அந்த பின் மேல நகந்து வந்து வெளிப்பக்க பேடை இழுத்து அழுத்தணும், பின் நகரலன்னா உள்பேட் மட்டும்தான் எல்லா வேலையும் செய்யும். பின்னை சுத்தம் பண்ணி ரப்பர் பூட் மாத்த ஆன செலவு ரொம்ப கம்மி, நான் தூக்கிப் போட்டது ஒரு பேட் செட்டும் ஒரு டிஸ்க்கும். அந்த பின்னுக்கு சிலிகான் கிரீஸ்தான் போடணும், பேரிங்குக்கு போடுற சாதா கிரீஸ் போட்டா ரப்பர் ஊதி மறுபடியும் இறுகிடும்.

அடுத்தது டிஸ்க். "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, ஒரு ஸ்கிம்மிங் போட்டா போதும்"னு, அதாவது மேல்பரப்பை சீவி சமமாக்கிட்டா போதும்னு, லேத்துக்கு அனுப்புறது நம்ம ஊர்ல சகஜம். ஸ்கிம்மிங் தப்பில்ல, அளக்காம போடுறதுதான் தப்பு. பெரும்பாலான டிஸ்க்ல ஓரத்துலயோ நடுவுல தொப்பி மாதிரி இருக்கிற இடத்துலயோ குறைஞ்சபட்ச தடிமன் எவ்வளவுன்னு பொறிச்சிருக்கும். புதுசுல 22 மிமீ இருக்கிற டிஸ்க்குக்கு அது பெரும்பாலும் 20 மிமீ கிட்டதான் இருக்கும், அதாவது மொத்தமா தேய விட்டிருக்கிறதே 2 மிமீ, அதுல பாதியை லேத்ல சீவிட்டா மிச்சம் என்ன இருக்கும்? டிஸ்க் மெலிசானா சூட்டை தாங்கிக்க இரும்பு பத்தாது, கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது சீக்கிரமே கொதிச்சு பிரேக் பிடிமானம் குறைஞ்சிடும். ஓரத்துல விரல் வச்சா நகத்துல மாட்டுற அளவுக்கு வரப்பு வந்திருக்கா, அப்ப வெர்னியர் வச்சு அந்த வரப்பை விட்டுட்டு உள்ளே அளக்க சொல்லுங்க. பொறிச்ச அளவு கிட்ட வந்துட்டா மாத்திடுங்க, ரெண்டு பக்கமும் சேத்து. ஒரு பக்கம் மட்டும் புது டிஸ்க்கோ புது பேடோ போட்டா பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும். சென்னை புதுப்பேட்டைல பழைய டிஸ்க் கம்மி விலைக்கு கிடைக்குதுன்னு வாங்குறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், கதவு கண்ணாடின்னா பழசு வாங்கலாம், இது தேயுறதுக்குன்னே இருக்கிற பொருள்.

வாங்கும்போது கார் பேரும் வருஷமும் மட்டும் சொல்றது இன்னொரு தப்பு. ஒரே மாடல்ல பெட்ரோல், டீசல், டாப் வேரியண்ட்னு டிஸ்க் சைஸ் மாறும். ஆர்சி புக்ல இருக்கிற சேஸிஸ் நம்பரை குடுங்க, இல்ல பழைய பேடை கையோட எடுத்துட்டு போங்க. நான் உதிரிபாகம் வாங்க சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனா பழைய பேடோடதான் போவேன்.

எந்த கம்பெனி வாங்குறதுன்னு கேட்டா, கார் கம்பெனி பேட்தான் வேணும்னு கட்டாயம் இல்ல, நம்ம சென்னைலயே பாடில பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூர்ல ரானேன்னு இதையே தொழிலா வச்சிருக்கிறவங்க இருக்காங்க. பயப்பட வேண்டியது டூப்ளிகேட்டுக்குத்தான். டப்பால அச்சு மங்கலா இருந்தா, எம்ஆர்பி இல்லன்னா, கடைக்காரர் பில் தர யோசிச்சா திருப்பி குடுத்துடுங்க. செராமிக்னு எழுதியிருந்தாலே உசத்தின்னும் நினைக்காதீங்க. அதுல சத்தமும் கருப்பு தூசியும் கம்மி, உண்மைதான், ஆனா சூட்டை தாங்குறதுல நல்ல செமி மெட்டாலிக் பேட் (உலோகம் கலந்து செஞ்சது) பல நேரம் முன்னாடி நிக்கும், டவுனுக்குள்ளயே ஓட்டுறவங்களுக்கு செராமிக் நல்லா ஒத்துவரும். ஓட்டை போட்ட டிஸ்க் பாக்க ரேஸ் கார் மாதிரி அழகா இருக்கும், சூடு ஏறி ஏறி அந்த ஓட்டை ஓரத்துலதான் விரிசல் விடும், தினசரி ஓட்டுற வண்டிக்கு அது தேவையே இல்ல.

சில பேட்ல பின்னாடியோ ஓரத்துலயோ எஃப்எஃப், ஜிஎஃப் மாதிரி ரெண்டு எழுத்து இருக்கும், அதை யாரும் கண்டுக்கிறதில்ல. முதல் எழுத்து சாதாரண சூட்டுல பிடிமானம், ரெண்டாவது நல்லா கொதிச்ச பிறகு. ஈ (E)ன்னா உராய்வு அளவு 0.25லேருந்து 0.35, எஃப் (F)னா 0.35லேருந்து 0.45. ரெண்டாவது எழுத்து ஈன்னு இருந்தா மலை ஏறி இறங்குறவங்க அதை எடுக்காதீங்க.

மாட்டும்போது நடக்குற தப்பும் உண்டு. ஹப்ல, அதாவது டிஸ்க் உக்காருற இடத்துல, துருவை தேய்க்காம புது டிஸ்க்கை மேல வச்சு மாட்டினா டிஸ்க் துளி கோணலா சுத்தும், சில ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு பெடல்ல அதிர்வு வரும், அப்ப "டிஸ்க் பெண்டு"ன்னு கம்பெனியை திட்டுவோம். புது டிஸ்க் மேல துரு பிடிக்காம தடவியிருக்கிற எண்ணெய இல்ல கோட்டிங்கை பிரேக் கிளீனர் அடிச்சு துடைச்சுடணும். இன்னொண்ணு, பேட் தேயத் தேய பானெட்டுக்குள்ள இருக்கிற டப்பால பிரேக் ஆயில் கொஞ்சம் இறங்கும், அதை ஃபுல் பண்ணி வச்சிருந்தா புது பேட் போட பிஸ்டனை உள்ள தள்ளும்போது பொங்கி வழிஞ்சு பெயிண்ட்டை அரிச்சிடும்.

எல்லாம் மாட்டியாச்சா, வண்டிய நகத்துறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகுற வரைக்கும் நின்ன இடத்துலயே நாலஞ்சு தடவை மிதிங்க, ஏன்னா பிஸ்டன் உள்ள போயிருக்கும், முதல் மிதி நேரா தரைக்குத்தான் போகும். அப்புறம் புது பேடும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு படியறதுக்கு காலி ரோட்டுல 50 கிமீ வேகத்துலேருந்து 10க்கு நிதானமா ஒரு எட்டு பத்து தடவை பிரேக் பிடிங்க, முழுசா நிக்காம, நடுநடுவுல கொஞ்சம் ஆற விட்டு. முதல் 300 கிலோமீட்டர் வரைக்கும் மலைப்பக்கம் போற பிளான் இருந்தா தள்ளி வச்சுடுங்க.