மலை வளைவில் குமட்டுகிறவர்களுக்குக் கப்பலில் ஏற்ற அறை

குன்னூர் மலைப்பாதை வளைவுகளில் குமட்டல் வருகிறவர்கள் சொகுசுக் கப்பலில் முன்பதிவு செய்யும்போது, கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள்.

அலையில் கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் சீசா பலகை போல மாறி மாறி ஏறி இறங்கும். நடுவில் அந்த அசைவு மிகக் குறைவு. பக்கவாட்டு ஆட்டமோ மேலே போகப் போகக் கூடும். ஆக, அதிகப் பணம் கொடுத்து வாங்கும் மேல்தள பால்கனி அறைதான் அதிகம் ஆடும். கீழ்த்தள அறைகளுக்குப் பெரும்பாலும் கட்டணமும் குறைவு. ஆனால் மிக மலிவான சீட்டுகளில் பல நிறுவனங்கள் அறையைத் தாங்களே ஒதுக்கிவிடும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள், அது வீண் செலவல்ல.

அடிவானத்தைப் பார்த்தால்தான் குமட்டல் அடங்கும் என்பவர்களுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை ஒத்துவராது. அவர்கள் அதே நடுப்பகுதியில் ஜன்னல் உள்ள அறையாகப் பார்க்கலாம்.

புயலுக்கு இந்த வழி உதவாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் உருவானால் கப்பல் பாதையை மாற்றும், சில துறைமுகங்களைத் தவிர்த்துவிடும். நம் மலைப்பாதையில் மண் சரிவதும், மலை ரயில் நிற்பதும் அதே மாதங்களில்தான். சென்னையில் கப்பல் ஏறுகிறவர்கள் முந்தின நாள் காலையிலேயே மலையிறங்குங்கள். குன்னூர் பாதை அடைபட்டாலும் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் வந்து சேர நேரம் இருக்கும். அங்கிருந்து சென்னைக்குப் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் ரயில் இரவில்தான் கிளம்புகிறது.