கடைசல் போட்டியில் புதியவர்களை விரட்டும் தவறுகள்

மரத்துண்டைச் சுழலவிட்டு உளியால் உருக்கொடுக்கும் மரக்கடைசல் பழகத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு போட்டிக்கு என் கிண்ணத்தைக் கொடுத்தேன். பத்துக்கு நான்கு மதிப்பெண் வந்தது. கூடவே ஒரு வார்த்தைகூட வரவில்லை. பரிசு கிடைக்காததில் எனக்கு வருத்தமில்லை. மீதி ஆறு மதிப்பெண் எங்கே போனது என்று தெரியாமல் வீடு திரும்பியதுதான் உறுத்தியது. அந்தக் கிண்ணத்தின் உள்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் நார் பிய்ந்திருந்தது. பலகைத் துண்டில் கிண்ணம் கடையும்போது ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு இடங்களில் நாருக்கு எதிராக வெட்டுகிறது. பிய்வது அங்கேதான். இதை நானே புரிந்துகொள்ள இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது. நடுவர் அதை எனக்குச் சொல்ல அரை நிமிடம் போதும்.

அதன்பின் நானும் சில போட்டிகளை நடத்தக் கைகொடுத்திருக்கிறேன். கீழே சொல்லும் தவறுகளில் பாதி நாங்களே செய்து திருத்தியவை. போட்டி நன்றாக நடந்ததா என்று பார்க்க இப்போது ஒன்றைத்தான் எண்ணுகிறேன்: முதல்முறை வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த முறையும் வந்தார்கள்?

எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். நேற்று லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கியவரின் கிண்ணத்தையும் ஐந்நூறு கிண்ணம் கடைந்தவரின் கிண்ணத்தையும் ஒரே மேசையில் வைத்து ஒரே பரிசு அறிவித்தால் முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும். புதியவர் கொண்டுவரவே மாட்டார்.

சரி, பிரிக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்த குழியில் விழுகிறார்கள். ‘எத்தனை ஆண்டு அனுபவம்?’ என்று கேட்டுப் பிரிக்கிறார்கள். பத்து வருடமாக வருடத்துக்கு இரண்டு பொருள் மட்டும் கடைபவர் இருக்கிறார். ஆறே மாதத்தில் தினமும் மாலை லேத் முன் நின்று கை தேறியவரும் இருக்கிறார். ஆண்டுக்கணக்கு இருவருக்கும் அநியாயம். ‘நீங்களே உங்கள் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்’ என்று விட்டாலும் சிக்கல்தான். தன்னடக்கம் மிகுந்த தேர்ந்த கைகள் தொடக்கப் பிரிவிலேயே வருடக்கணக்கில் நின்றுவிடும். அவர்கள் ஏமாற்றுவதில்லை, தங்களை இன்னும் மாணவராகவே நினைக்கிறார்கள். ஆனாலும் தொடக்கப் பிரிவின் பரிசு புதியவருக்குப் போய்ச் சேராது.

எங்களுக்குப் பலன் தந்தது ஒரு எளிய ஏற்பாடு. எல்லோரும் முதலில் தம் விருப்பப்படி பிரிவைச் சொல்லலாம். ஒரு பிரிவில் இரண்டு முறை முதலிடம் பெற்றவர் அடுத்த பிரிவுக்கு ஏறியாக வேண்டும். மேல் பிரிவில் யார் வேண்டுமானாலும் துணிந்து சேரலாம், ஏறியவர் திரும்பி இறங்க முடியாது. மூன்று பிரிவு போதும். ஐந்தாறாகப் பிரித்தால் ஒரு பிரிவில் இரண்டே பொருள் நிற்கும், பரிசுக்கு மதிப்பு இருக்காது.

போட்டிக்குப் பக்கத்திலேயே போட்டியில்லாத ஒரு மேசையும் வேண்டும். 1986-இல் தொடங்கிய அமெரிக்க மரக்கடைசல்காரர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் ஒரு காட்சிக்கூடம் வைக்கிறார்கள். மாநாட்டுக்கு வரும் எவரும் தம் பொருளை அங்கே வைக்கலாம், முன்தேர்வு கிடையாது. பெயர் பெற்ற கலைஞரின் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவரின் முதல் கிண்ணம் நிற்கும். மதிப்பெண்ணுக்கு இன்னும் மனம் தயாராகாதவருக்கு இப்படி ஒரு மேசைதான் வாசல்.

கருவியையும் மரத்தையும் கேட்கும் தலைப்பு

‘பெரிய தட்டு’, ‘குறுகிய வாயுள்ள குடம்’ என்று தலைப்பு கொடுப்பவர்கள் திறமையைக் கேட்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் கேட்பது கருவியை. சிறிய மேசை லேத்தில் பத்துப் பன்னிரண்டு அங்குல விட்டத்துக்கு மேல் பொருள் சுழலாது. குறுகிய வாய் வழியாக உள்ளே குடைய வளைந்த, நீண்ட தனி உளிகள் வேண்டும். ‘எந்தப் பக்கமும் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தாலே சிறிய லேத் வைத்திருப்பவர் உள்ளே வந்துவிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு பம்பரம். கையளவு மரத்துண்டு போதும், ஒரு மாலையில் முடியும், புதியவருக்கும் நிச்சயம் ஏதோ ஒன்று சுழலும். அதே பம்பரத்தில் தேர்ந்தவர் தன் முழுக் கைவண்ணத்தையும் காட்டலாம். எடையை விளிம்புக்குத் தள்ள வேண்டும், உடலைத் தரைக்கு நெருக்கமாகத் தாழ்த்த வேண்டும், முனையைக் கூராக்க வேண்டும், எல்லாம் மையத்தில் நிற்க வேண்டும். அழகுக்கு ஒரு பரிசு, அதிக நேரம் சுழன்றதற்கு இன்னொரு பரிசு என்று வையுங்கள். கடிகாரத்துக்கு யாருடைய பெயரும் தெரியாது. பதினாறு வயதுப் பையனின் அலங்காரமே இல்லாத பம்பரம் எங்கள் மூத்தவர்களின் பம்பரங்களைத் தாண்டிச் சுழன்றதைப் பார்த்திருக்கிறேன். அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

மரமும் அப்படியே. முடிச்சும் சுழியுமாக ரேகை நிறைந்த விலையுயர்ந்த மரம் சுமாரான வடிவத்தையும் மறைத்துவிடும். எளிய மரத்தில் வடிவத்தை மறைக்க எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது ஒரே மரத்திலிருந்து ஒரே அளவில் அறுத்த துண்டுகளை எல்லோருக்கும் கொடுத்துப் பாருங்கள்.

கால அவகாசத்தையும் பலர் கவனிப்பதில்லை. பச்சை மரத்தில் கிண்ணம் கடைபவர் முதலில் சுவரைத் தடிமனாக, விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விட்டுக் கடைந்து, மாதக்கணக்கில் காயவைத்து, பிறகுதான் இறுதியாகக் கடைவார். இரண்டு வாரம் முன்பு தலைப்பை அறிவித்தால், அலமாரியில் காய்ந்த கிண்ணங்களை அடுக்கி வைத்திருக்கும் பழையவர்களுக்குத்தான் வசதி. ஆண்டின் தலைப்புகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

நடுவர் எதைப் பார்க்கிறார் என்று சொல்லாமல் விடுவது

புதியவர்கள் பெரும்பாலும் பளபளப்பில் உயிரைக் கொடுக்கிறார்கள். நடுவர் வடிவத்தைப் பார்க்கிறார். இது முன்பே தெரிந்திருந்தால் அவர்கள் உழைப்பு சரியான இடத்துக்குப் போயிருக்கும். வடிவத்துக்கு இத்தனை, உளி வேலைக்கும் மேற்பரப்புக்கும் இத்தனை, அடிப்பாகத்தை முடித்த விதத்துக்கு இத்தனை என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். சிமிழ் என்றால் மூடி பொருந்தும் விதத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

நடுவர்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு: மெல்லிய சுவர் என்றால் உயர்ந்த வேலை என்று எடுத்துக்கொள்வது. தினம் புழங்கும் கிண்ணத்துக்குத் தாளைப் போன்ற சுவர் எதற்கு? சுவர் மேலிருந்து கீழ்வரை சீராக இருக்கிறதா, கையில் எடுத்தால் அடி மட்டும் கனக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பெயர் தெரிந்து மதிப்பிடுவதும் தவறுதான். எண் அட்டை ஒட்டினால் தீர்ந்துவிடும். பார்வையாளர் வாக்கு வைத்தால் அதற்குத் தனிப் பரிசு வையுங்கள், முதல் பரிசை அதன் கையில் கொடுக்காதீர்கள். நண்பர் கூட்டம் பெரியதாக இருப்பவரே வெல்வார். படம் அனுப்பி நடக்கும் போட்டியில் நல்ல கேமரா வெல்லும். வெற்றுச் சாம்பல் பின்னணியில் பக்கவாட்டு, உள்பக்கம், அடிப்பாகம் என மூன்று படம் மட்டும் கேளுங்கள். அடிப்பாகத்தின் படம் கட்டாயம் வேண்டும். லேத்தில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் சக்கின் தடம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பேசாமல் திருப்பித் தருவது

‘நன்று, தொடருங்கள்’ என்பதும் பேசாமலிருப்பதும் ஒன்றுதான். எல்லோர் முன்னிலையிலும் குறைகளை அடுக்குவது அதைவிட மோசம். அப்படி ஒரு மாலைக்குப் பிறகு லேத்தை விற்றவரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு பொருளோடும் ஒரு சிறு தாள் போகட்டும். அதில் கை நன்றாக வந்த ஒரு இடத்தைக் காட்டுங்கள், அடுத்த பொருளில் செய்து பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது குறிப்பு, உளியின் மொழியில் இருக்க வேண்டும். ‘மேற்பரப்பு சரியில்லை’ என்பதை வைத்து அவர் எதைத் திருத்துவார்? ‘கடைசி ஓட்டத்துக்கு முன் உளியை மறுபடி தீட்டுங்கள், மிக மெல்லிய சீவலாக எடுங்கள், 80-ஆம் எண் உப்புத்தாளில் விழுந்த கீறல் முழுக்கப் போன பிறகே 120-க்குப் போங்கள்’ என்றால் மறுநாளே லேத்தை ஓட்டிப் பார்ப்பார்.

பரிசிலும் இதே எண்ணம் வேண்டும். தொடக்கப் பிரிவில் வென்றவருக்குக் கோப்பையைவிட, தேர்ந்த ஒருவரின் பட்டறையில் ஒரு நாள் நின்று பழகும் வாய்ப்பு பெரிய பரிசு. கலந்துகொண்ட எல்லோர் பெயரையும் குலுக்கிப் போட்டு ஒருவருக்கு நல்ல மரத்துண்டு கொடுக்கலாம்.

கடிகாரத்தை லேத் பக்கம் கொண்டுபோவது

பம்பரம் சுழலும் நேரத்தை அளக்கலாம். மனிதர் கடையும் நேரத்தை, அதுவும் புதியவர் இருக்கும் இடத்தில், அளக்கவே கூடாது. பார்ப்பவர்களுக்கு வேகப்போட்டி விறுவிறுப்பாக இருக்கும் என்பதற்காக இதை வைக்கிறார்கள். அவசரத்தில் புதியவர் முதலில் விடுவது முகக்கவசத்தை. அடுத்து, மரம் உருண்டையாகும் முன்பே வேகத்தைக் கூட்டுவார். அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வர வேண்டும் என்பது கடைசல்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று வரும். சமன் இல்லாத துண்டை அதற்கும் கீழே தொடங்க வேண்டும். மேடையில் கடையும் நிகழ்ச்சி வேண்டுமென்றால் தேர்ந்தவர் கடையட்டும், புதியவர் பக்கத்தில் நின்று உளியின் கோணத்தைப் பார்க்கட்டும். கேள்வி கேட்டால் அவர் லேத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லட்டும்.