பழைய ஸ்டீல் ஃபிரேமில் லேசான ரோடு பைக்: புதிதாகக் கட்டுகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

நாகர்கோவில் பக்கம் இப்போது பழைய ஸ்டீல் ஃபிரேமுக்குத் திடீர் மவுசு. வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர் பெட்டியோடு ஒன்றைக் கட்டிக்கொண்டு வருகிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சான் ஒன்றைத் தேடிப்பிடித்து பஸ்ஸில் போட்டு விடுகிறார். ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில்கூட எப்போதாவது ஒன்று மாட்டும். ஃபிரேம் கைக்கு வந்ததும் பையன்கள் அடிக்கிற கூத்து, அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துதான். அதனால் இதை எழுதுகிறேன். செயினுக்கு எண்ணெய் விடு, உயரத்துக்கு ஏற்ற ஃபிரேம் வாங்கு என்பதெல்லாம் இதில் இருக்காது. அது தெரியாதவர் இந்த வேலையில் இறங்கவே மாட்டார்.

## ஸ்டிக்கரைப் பார்த்துக் காசு கொடுப்பது

ரெனால்ட்ஸ் 531 என்பது 1935இல் வந்த மாங்கனீசு-மாலிப்டினம் ஸ்டீல் குழாய். பல பத்தாண்டுகள் நல்ல ரேஸ் சைக்கிள் என்றாலே அதுதான். அந்தப் பேருக்கு இன்றும் மரியாதை இருப்பதால் ஸ்டிக்கர் மட்டும் தனியாக விலைக்குக் கிடைக்கிறது. பெயிண்ட் அடித்துவிட்டு எந்தக் குழாயிலும் ஒட்டலாம்.

ஸ்டிக்கரை விடுங்கள், சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட்டைக் கழற்றி, வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். சீட் குழாயின் வெளிவிட்டம் வழக்கமாக 28.6 மி.மீ. மேல்முனையில் குழாயின் தடிமன் 0.6 மி.மீ. என்றால் உள்ளே 27.4 இருக்கும், போஸ்ட் 27.2 வரும். 25.4 போஸ்ட்தான் போகிறது என்றால் குழாய் தடிமனானது. லேசான பைக் கட்டும் ஆசையை அந்த ஃபிரேமில் வைக்க வேண்டாம். நடுத்தர அளவில் நல்ல ஃபிரேம், ஃபோர்க் இல்லாமல், 2 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஹேண்டில்பார் நுழையும் ஹெட் குழாய்க்குப் பின்னால், மேல்குழாயிலும் சாய்வுக் குழாயிலும் அடிப்பக்கம் விரலால் தடவுங்கள். சின்னதாக ஒரு மடிப்பு தட்டுப்பட்டாலும் எங்கோ முன்னால் மோதிய வண்டி. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

## கிரீஸ் இல்லாமல் சீட் போஸ்ட் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதற்குத்தான். மற்ற தப்புகளுக்குக் காசோடு போகும். இது ஃபிரேமையே கொண்டுபோகும்.

ஸ்டீல் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட் நிற்கிறது. போஸ்ட் நுழையும் மூட்டான சீட் லக்கின் பின்னால் ஒரு பிளவு இருக்கிறது. மழையில் பின்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக அதற்குள்தான் போகும். நாம் ஓட்டுவதோ முட்டம், மணக்குடி, ராஜாக்கமங்கலம் என்று கடலை ஒட்டிய ரோட்டில், உப்புக்காற்றில். போதாததற்கு நம் வியர்வையும் உப்பு. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத்தண்ணீர். பேட்டரி வேலை செய்ய வேறென்ன வேண்டும்? இதில் கரைவது அலுமினியம். கரைந்து உண்டாகும் வெள்ளைப் பொடிக்கு, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் தேவை. போஸ்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே இருப்பது ஒரு மயிரிழை. அதற்குள் பொடி உப்பி அடைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே துண்டுதான். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இரண்டையும் தாண்டிய போஸ்ட் சும்மா கையில் வராது.

ஏன் கிரீஸ் போடவில்லை என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "அண்ணே, கிரீஸ் போட்டா சீட்டு வழுக்கி இறங்கும்லா?"

இறங்காது மக்கா. இறங்கினால் போஸ்ட்டின் அளவு தப்பு. 27.2 வேண்டிய இடத்தில் 27.0 போட்டிருப்பார்கள். 0.2 மி.மீ. தானே என்று கிளாம்ப்பை முறுக்குவார்கள். சீட் லக்கின் இரண்டு காதும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடும், அப்படியும் சீட் இறங்கும். கடைசியில் பழி கிரீஸ் மேல். பழைய ஃபிரேமோடு வரும் போஸ்ட்டில் அடித்திருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். முன்பு வைத்திருந்தவரும் தப்பான அளவைத்தான் போட்டிருப்பார் என்பதற்கு வளைந்த காதுகளே சாட்சி. பிளவுக்குக் கீழே, குழாயின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள்.

குளச்சல் பக்கத்துத் தம்பி ஒருவரிடம் அருமையான 531 ஃபிரேம் இருந்தது. காய்ந்த போஸ்ட், இறுகிவிட்டது. என்னிடம் வரும் முன்னே ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறார். அங்கே முதலில் சுத்தியல். அசையவில்லை. அப்புறம் கேஸ் டார்ச். இரும்பு நட்டு இறுகினால் சூடு காட்டுவது பட்டறைப் பழக்கம். ஆனால் சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். வெளியே ஸ்டீல், உள்ளே அலுமினியம் என்றால் சூடேறச் சூடேற இன்னும் இறுகத்தானே செய்யும்? பெயிண்ட் கருகியது மிச்சம். கடைசியாகப் போஸ்ட்டின் தலையை வைஸில் பிடித்து, ஃபிரேமையே நெம்புகோலாக்கி இரண்டு பேர் சுற்றியிருக்கிறார்கள். 0.6 மி.மீ. குழாய் எவ்வளவு தாங்கும்? லக்குக்குக் கீழே முறுக்கிக்கொண்டு கீறல் விட்டது. "ஏதாவது பண்ணலாமாண்ணே?" என்று கொண்டுவந்தார். பண்ண ஒன்றும் இல்லை. முன்னால் ஒரு ஸ்பூன் கிரீஸ் போட்டிருந்தால் போதும்.

ஏற்கெனவே இறுகிவிட்டதா? கிளாம்ப் போல்ட்டை முழுசாகக் கழற்றுங்கள். பெடல் சுற்றும் அச்சான பாட்டம் பிராக்கெட்டை எடுத்துவிட்டு ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, சீட் குழாய் வழியே பெனெட்ரேட்டிங் ஆயில் விட்டு, நாள்கணக்கில் விட்டுவையுங்கள். பிறகு போஸ்ட் மேல் ஐஸ் வைத்துச் சுருங்கவிட்டு, சீட்டைப் பிடித்துக் கையால் சுற்றிப் பாருங்கள். வரவில்லை என்றால் போஸ்ட்டைத் தியாகம் செய்வதுதான் வழி: மேலே அறுத்துவிட்டு, உள்ளே ஹேக்சா பிளேடை விட்டு நீளவாக்கில் கோடு போட்டு, உள்பக்கமாக மடக்கி எடுக்க வேண்டும். கை கழன்றுபோகும் வேலை. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்துவிடும், ஸ்டீலை விட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் பெயிண்ட்டும் போகும், ஹைட்ரஜன் வாயு வரும், கண்ணில் தெறித்தால் கண் போகும். வீட்டில் வேண்டாம்.

வைகாசியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை போஸ்ட்டை உருவித் துடைத்துப் புது கிரீஸ் போட்டு இறக்குங்கள். ஹேண்டில்பார் ஸ்டெம்முக்கும் இதே வைத்தியம். கார்பன் போஸ்ட் என்றால் மட்டும் கிரீஸ் இல்லை, அதற்கென்று விற்கும் கார்பன் பேஸ்ட்.

## ஃபிரேமில் வெல்டிங்

வேண்டாம்.

## பின்சக்கரத்தை நெம்பி மாட்டுவது

5 கியர் காலத்து ஃபிரேமில் பின்பக்க இடைவெளி 120 மி.மீ., 6, 7 கியர் காலத்தில் 126. இப்போது கடையில் கிடைக்கும் ரிம் பிரேக் ரோடு வீலுக்கு 130 வேண்டும். 126ஐ 130 ஆக்கலாம், ஸ்டீல் அதற்கு வளைந்து கொடுக்கும். ஆனால் ஜாக்கி வைத்து விரித்தால் ஒரு பக்கக் குழாய் மட்டும் மூன்று மி.மீ. போகும், மறுபக்கம் ஒன்றுதான் போகும். சக்கரம் கோணலாக நிற்கும். ஒவ்வொரு பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள். பின்சக்கர ஆக்சில் உட்காரும் ஒரு டிராப்-அவுட்டிலிருந்து ஹெட் குழாயைச் சுற்றி மறு டிராப்-அவுட் வரை நூல் கட்டி, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்துகொண்டே போக வேண்டும். டிராப்-அவுட் முகங்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் ஆக்சில் வளையும், உடையும்.

120 ஃபிரேமா? அதற்கேற்ற பழைய ஹப் தேடுங்கள்.

## மரை பார்க்காமல் பாட்டம் பிராக்கெட்

பிரிட்டிஷ் மரை என்றால் பாட்டம் பிராக்கெட் உட்காரும் கூடு 68 மி.மீ. அகலம், செயின் பக்கம் தலைகீழ் மரை. இத்தாலியனுக்கு 70 மி.மீ., இரண்டு பக்கமும் நேர் மரை. பழைய பிரெஞ்சு ஃபிரேம் 68 மி.மீ. என்றாலும் மரை வேறு. கையால் மூன்று சுற்று சுலபமாகப் போகவில்லை என்றால் ஸ்பானரை எடுக்காதீர்கள்.

## 27 இஞ்சும் 700 சி-யும் ஒன்றென்று நினைப்பது

டயர் உட்காரும் விட்டம் 27 இஞ்சுக்கு 630 மி.மீ., 700 சி-க்கு 622. 27 இஞ்ச் ஃபிரேமில் 700 சி போட்டால் ரிம் 4 மி.மீ. தள்ளி நிற்கும். பிரேக் கட்டை எட்டாது. பிரேக் வாங்கும் முன் போல்ட் துளையிலிருந்து ரிம் வரை அளந்து, அந்த நீளத்துக்கு ஏற்றதை வாங்குங்கள்.

## எடையைத் தப்பான இடத்தில் குறைப்பது

டைட்டானியம் போல்ட்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு ஸ்டீல் ரிம்மோடு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ரிம் கனம் மட்டுமல்ல, நனைந்தால் பிரேக்கே பிடிக்காது. மார்த்தாண்டம் பக்கத்து இறக்கத்தில் மழை பெய்யும்போது தெரியும். முதல் காசு அலுமினிய ரிம்முக்கும் நல்ல டயருக்கும். அடுத்தது, பெடல் மாட்டும் கையான, ஆப்பு அடித்த இரும்பு கிராங்கைத் தூக்கிவிட்டு அலுமினிய கிராங்க்.

ஸ்டெம்மிலும் கிராங்கிலும் டிரில் போட்டு எடை குறைக்கும் யோசனை வந்தால் தூங்கிவிடுங்கள்.

## உயரமான கார்பன் ரிம்

ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அங்கே காற்றாலை நட்டிருப்பது அழகுக்கு அல்ல.

## உள்பக்கத் துரு

வெளியே பளபளவென்று பவுடர் கோட்டிங், உள்ளே ஒன்றும் இல்லை. கட்டும் முன் குழாய்களுக்குள் காய்ச்சிய லின்சீட் ஆயில் விட்டு, சுற்றிப் புரட்டி, வடியவிட்டு உலர்த்துங்கள். தேங்காய் எண்ணெய் உலராது, அது மீன்குழம்புக்கு. மணல் அடித்துப் பெயிண்ட் உரிக்கச் சம்மதிக்கவே செய்யாதீர்கள். மெல்லிய குழாயில் கெமிக்கல் ரிமூவர்தான்.

## பழைய ரேஸ் கியரை அப்படியே வைப்பது

முன்னால் 52/42, பின்னால் பெரிய பல்சக்கரம் 21 என்பது அந்தக் கால ரேஸ்காரர்களின் கணக்கு. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போய்வர அது போதும். பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு பக்கம் ஏறினால் முட்டி பதில் சொல்லும். 42/21 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டு சுற்று. 34/28 என்றால் ஒன்றேகாலுக்கும் குறைவு. 50/34 கிராங்க், பின்னால் 28 வரை கேசட் போடுங்கள். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் டிரெய்லியர் 28 பல்லை எட்டுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பழசில் பல எட்டாது.