புதுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? கடைக்குத் தூக்குறதுக்கு முன்னாடி பாருங்க

கானாடுகாத்தானில் அயித்தை வீட்டுல பாகங்கள் வாங்கிப் பூட்டின புதுக் கம்ப்யூட்டர். ஃபேன் சுத்துது, திரையில ஒண்ணுமில்லை. காரைக்குடிக்கு எடுத்துட்டுப் போகலாம்னு கிளம்பிட்டாங்க. மூடியைக் கழட்டிப் பார்த்தா, மதர்போர்டுக்குப் போற 24 பின் வயர் சரி. பிராசஸர் பக்கத்து மூலையில் செருக வேண்டிய 8 பின் வயரை மறந்திருக்காங்க. செருகினதும் படம் வந்துருச்சு. புதுசா பூட்டினதுல அடிக்கடி விட்டுப்போறது இதுதான்.

ஃபேனே அசையலைன்னா, எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியோட பின்பக்க சுவிட்சில் கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்கான்னு பாருங்க. அதுவும் சரின்னா, பவர் பட்டன் வயரை மதர்போர்டுல இருந்து கழட்டிட்டு, அது செருகியிருந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு நொடி மட்டும் சேர்த்துத் தொடுங்க. வேற பின் மேல படக்கூடாது. ஓடினா கோளாறு பட்டன்லயோ அதன் வயர்லயோதான்.

டிடிஆர்5 ராம்னா முதல் தடவை சில நிமிஷம் திரை கறுப்பாவே இருக்கலாம். பதறி அணைக்காதீங்க.

நம்ம ஊர்ப் பழைய வீடுகள்ல பல பிளக்குக்கு எர்த் கிடையாது. கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு அடிச்சா, எலக்ட்ரீஷியனை வச்சு எர்த் போட்ட பிறகுதான் மறுபடி ஆன் பண்ணணும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கெப்பாசிட்டர்ல மின்சாரம் தங்கியிருக்கும்.