வினைக்குப் பிறகு அழுத்தம் எவ்வளவு? வாயுச் சமன்பாட்டில் சறுக்கும் இடங்கள்

மூடிய கலனுக்குள் ஒரு வேதிவினை நடந்து முடிந்தபின் அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலோர் PV = nRT (அழுத்தம் × கனஅளவு = பொருளின் அளவு × வாயு மாறிலி × கெல்வின் வெப்பநிலை) என்ற நல்லியல்பு வாயுச் சமன்பாட்டைச் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். பிழை நேர்வது அதில் எண்களை இடும்போதுதான். கலனுக்குள் வினை நடந்ததா இல்லையா என்பது அந்தச் சமன்பாட்டுக்குத் தெரியாது. குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட வெப்பநிலையில், எத்தனை மோல் (துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு பொருளின் அளவைச் சொல்லும் அலகு) பொருள் வாயுநிலையில் இருக்கிறது என்பது மட்டுமே அதற்கு வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். 10 லிட்டர் கலனில், 27 டிகிரி செல்சியஸில், அதாவது 300 கெல்வினில், 0.30 மோல் ஹைட்ரஜனும் 0.20 மோல் ஆக்ஸிஜனும் இருக்கின்றன. மொத்தம் 0.50 மோல், அழுத்தம் ஏறத்தாழ 1.23 வளிமண்டலம். வினை முழுமையாக நடந்து, கலன் மீண்டும் 27 டிகிரிக்குக் குளிர்கிறது என்று கொள்வோம்.

இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்ஸிஜனும் சேர்ந்து இரண்டு மோல் நீர் உண்டாவதைப் பார்த்தவுடன், மூன்று இரண்டாகிறது, ஆகவே அழுத்தமும் மூன்றில் இரண்டு பங்காகி 0.82 வளிமண்டலம் ஆகும் என்று முடித்துவிடுவது முதல் தவறு. அந்த விகிதம் வினையில் ஈடுபட்ட பங்குக்கு மட்டுமே பொருந்தும். 0.30 மோல் ஹைட்ரஜனுக்கு 0.15 மோல் ஆக்ஸிஜன் போதும், எஞ்சிய 0.05 மோல் ஆக்ஸிஜன் எங்கும் போய்விடவில்லை, கலனுக்குள்ளேயே இருந்து அழுத்தம் தருகிறது.

இதைக் கவனித்தவர்கள்கூட அடுத்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். உண்டான நீர் 0.30 மோல், எஞ்சிய ஆக்ஸிஜன் 0.05 மோல், ஆக 0.35 மோல் என்று கூட்டி, 0.86 வளிமண்டலம் என விடை எழுதுகிறார்கள். அப்படியானால் நீராவியின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் நீராவி தரும் பங்கு) மட்டும் 0.74 வளிமண்டலமாக இருக்க வேண்டும். ஆனால் 27 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம், அதாவது அந்த வெப்பநிலையில் நீராவி எட்டக்கூடிய உச்ச அழுத்தம், ஏறத்தாழ 0.035 வளிமண்டலம்தான். அதற்கு மேற்பட்ட ஆவி நீராகக் குளிர்ந்து அடியில் தங்கிவிடும். அந்த நீர் அடைக்கும் இடம் சுமார் 5 மில்லிலிட்டர் என்பதால் கனஅளவில் திருத்தம் தேவையில்லை. ஆக்ஸிஜனின் 0.123, நீராவியின் 0.035 இரண்டும் சேர்ந்து 0.16 வளிமண்டலமே சரியான விடை; தவறான விடை அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். இதே கலனை 127 டிகிரியில் வைத்திருந்தால் நீர் முழுவதும் ஆவியாகவே இருக்கும், 0.35 மோலையும் கணக்கில் சேர்த்து 1.15 வளிமண்டலம் என்பதே சரியாகும். எனவே வினாவில் இறுதி வெப்பநிலையைப் படிக்காமல் மோல்களைக் கூட்டத் தொடங்குவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

திண்மங்களுக்கும் இதுவே பொருந்தும். கரி ஆக்ஸிஜனில் முழுவதும் எரிந்து கார்பன் டைஆக்சைடு ஆகும்போது, ஒரு மோல் வாயு போய் ஒரு மோல் வாயு வருகிறது. பழைய வெப்பநிலைக்குத் திரும்பியபின் அழுத்தம் மாறியிருக்காது. கரியையும் வாயு மோலாக எண்ணியவருக்கு மட்டும் அழுத்தம் பாதியாகத் தெரியும்.

செல்சியஸை அப்படியே இடுவது பழைய தவறு, ஆனாலும் ஓய்ந்தபாடில்லை. 27 டிகிரி 54 ஆனால் அழுத்தம் இரட்டிப்பாவதில்லை. 300 கெல்வின் 327 ஆகிறது, உயர்வு 9 சதவீதம் மட்டுமே. வாயு மாறிலியை 0.0821 என்று எடுத்தால் லிட்டரும் வளிமண்டலமும், 8.314 என்று எடுத்தால் கன மீட்டரும் பாஸ்கலும் உடன் வர வேண்டும். சாதாரண அழுத்தமானி வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதையே காட்டுவதால், அதன் அளவீட்டோடு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கூட்டிய பிறகே சமன்பாட்டில் இட வேண்டும்.